நோய்க்கு முன்னே வந்துவிடும் ஃபார்வர்டு: அக்கா டிப்ஸ்

2020 ஏப்ரல் முதல் வாரம். ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், குறைந்தது பத்துப் பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊமத்தை விதையை அரைத்துக் குடித்தால் கொரோனா அண்டாது என்று டிக்டாக்கில் ஒரு வீடியோ சொன்னதை நம்பிக் குடித்திருக்கிறார்கள். முள்முள்ளாக இருக்கும் ஊமத்தங்காய், டிவியில் காட்டிய வைரஸ் படத்தைப் போலவே இருந்தது. அந்த ஒற்றுமையே அவர்களுக்குப் போதுமான ஆதாரமாகிவிட்டது. நல்லவேளை, சிகிச்சை கிடைத்துப் பிழைத்தார்கள்.

ஊமத்தை விஷம் என்று கிராமத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். "அதைத் தொட்ட கையை வாயில வைக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயத்தை ஒரு சின்ன வீடியோ மறக்க வைத்துவிட்டது. அவர்களுக்கு அறிவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. பயம் அப்படிப்பட்டது. வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்ற ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு அப்படிப்பட்டது. நமக்கு இப்படிப்பட்ட வீடியோவை அனுப்புவதும் யாரோ கெட்டவர்கள் இல்லையே. பெரியம்மா அனுப்புவார், காலேஜ் தோழி அனுப்புவாள், மாடி வீட்டு மாமா அனுப்புவார். எல்லாருக்கும் நம்மேல் அக்கறைதான்.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும், என்ன பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது வந்த மறுநாள் உன் போனில் என்னென்ன வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். 2025 ஜனவரியில் எச்எம்பிவி வைரஸ் பற்றிய பேச்சு கிளம்பியபோது பார்த்தாயே, 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்ட பழைய வைரஸ் அது. ஆனாலும் ஏதோ புதிய கொரோனா வந்துவிட்டதுபோல ஒரே வாரத்தில் எல்லா குரூப்பும் கலங்கிப்போயின. பயம் வந்த பிறகு யோசிக்க வராது. அதனால் பயம் இல்லாத இந்த நாளில் சில பழக்கங்களைப் பிடித்துக்கொள்.

ஒரே ஒரு மெசேஜைப் பிரித்துப் பார்

2020 மார்ச்சில், யூனிசெஃப் சொன்னதாக ஒரு மெசேஜ் உலகம் முழுக்கச் சுற்றியது. உன் போனுக்கும் வந்திருக்கும். அதன் சாரம் இதுதான்: கொரோனா வைரஸ் 400 முதல் 500 மைக்ரான் வரை பெரியது, ஆகவே எந்த மாஸ்க்கும் தடுத்துவிடும். காற்றில் நிற்காது, தரையில் விழுந்துவிடும். 26, 27 டிகிரி சூட்டிலேயே செத்துவிடும். அதனால் வெந்நீர் குடி, வெயிலில் நில். ஐஸ்கிரீம் சாப்பிடாதே. உப்புநீரில் வாய் கொப்பளி. கையை நன்றாகக் கழுவு.

கையைக் கழுவு என்பது உண்மை. இந்த மாதிரி மெசேஜ்களில் எப்போதும் ஒரு உண்மை இருக்கும். அதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் உள்ளே வரும்.

மீதியைப் பார். 400 மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய வைரஸ் என்றால் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லேப் டெஸ்ட் எதற்கு? உண்மையில் அது ஏறக்குறைய 0.1 மைக்ரான். 26 டிகிரியில் சாகும் என்றால், மனித உடம்பின் சூடே 37 டிகிரி. மூக்குக்குள் நுழைந்த கணமே அது செத்திருக்க வேண்டும். வெயிலுக்கு அஞ்சும் என்றால், தமிழ்நாட்டில் ஒரே நாளில் மிக அதிகமாக 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது 2021 மே 21 அன்று. நல்ல கத்திரி வெயில் காலம் அது. யூனிசெஃப் அமைப்பும் 2020 மார்ச் தொடக்கத்திலேயே, ஐஸ்கிரீம் கதை எங்களுடையது அல்ல என்று வெளிப்படையாக மறுத்துவிட்டது. மறுப்பு வந்த பிறகும் பல மாதம் அந்த மெசேஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதைப் பிரித்துப் பார்க்க எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து அறிவியலும், "இரு, பார்க்கலாம்" என்ற ஒரு நிதானமும் போதும். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வருகிற எதையும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போய்த் தேடு. அங்கே இல்லையென்றால் அவர்கள் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள். தேதி இல்லாத மருத்துவச் செய்தியை எந்தக் காலத்திலும் நம்பாதே. "உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று கடைசி வரி இருந்தால், அனுப்பாமல் இருக்க அதுவே காரணம்.

மெசேஜின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்றும் பார். ஐந்து கையாவது மாறி வந்த மெசேஜுக்குத்தான் அந்தக் குறி விழும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப் வதந்தி செய்த வேலை. நாடு முழுக்க இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கி, இரட்டை அம்பு விழுந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது. அந்த நிறுவனமே தடுப்புப் போட்டு வைத்திருக்கும் ஒன்றை, நாம் ஒவ்வொரு குரூப்பாகத் தேடிப் போய்ப் போடக் கூடாது.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்து, 2018-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். பொய்தான் புதிதாகவும் அதிர்ச்சியாகவும் இருக்கும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆகவே "அய்யய்யோ!" என்று உன்னைப் பதற வைக்கிற மெசேஜ் எதுவோ, அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குடி, தடவு, மூக்கில் விடு என்றால் அங்கேயே நில்

எல்லாத் தப்பான செய்தியும் ஒரே அளவு ஆபத்தில்லை. உடம்புக்குள் எதையாவது செலுத்தச் சொல்கிற செய்திதான் உயிரை வாங்கும். 2020-ன் தொடக்கத்தில் ஈரானில், சாராயம் குடித்தால் வைரஸ் சாகும் என்ற வதந்தியை நம்பி மெத்தனாலைக் குடித்தார்கள். கொரோனா வதந்திகளைப் பற்றி அந்த ஆண்டே வெளியான ஓர் ஆய்வு, 87 நாடுகளில் 25 மொழிகளில் பரவிய 2,311 தகவல்களைத் திரட்டியது. மெத்தனால் வதந்தியால் மட்டும் ஏறக்குறைய 800 பேர் இறந்தார்கள், 5,876 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 60 பேருக்குப் பார்வை போனது என்று அதில் இருக்கிறது. வைரஸ் தொடாத உடம்புகளும் அதில் இருந்திருக்கும். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், குளோரோகுயின் நல்ல மருந்து என்று டிவியில் கேட்டுவிட்டு, மீன்தொட்டிக்குப் போடும் குளோரோகுயின் ரசாயனத்தைக் கலந்து குடித்த கணவர் இறந்துபோனார். மனைவி உயிருக்குப் போராடினார்.

நம் பக்கம் இரண்டாவது அலையில் கற்பூரம், ஓமம், லவங்கத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று ஓடியது. ஏறாது. கற்பூரம் சின்னக் குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பே வரும். அந்த முடிச்சைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிய வீடுகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. மூச்சைப் பத்து விநாடி அடக்க முடிந்தால் கொரோனா இல்லை என்ற சோதனையும் அப்படித்தான். நோய் இருக்கிறவரும் அடக்குவார், ஆஸ்துமாக்காரர் நோய் இல்லாமலே திணறுவார். ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான் என்று அப்போது டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முடிச்சை முகர்ந்துகொண்டு கடத்திய ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிக்கு நஷ்டம். 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் மையங்களை அமைத்தபோது, அப்படிச் செய்ய வேண்டாம், தொற்றுதான் பரவும் என்று அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே எச்சரிக்க வேண்டியிருந்தது. குழந்தைகளுக்குக் கொதிநீரைப் பக்கத்தில் வைத்து ஆவி காட்டுவதை அடியோடு விட்டுவிடு, கவிழ்ந்தால் வெந்துபோகும்.

கஷாயத்துக்கு நான் எதிரி இல்லை. மிளகு ரசம் தொண்டைக்கு இதம், இஞ்சித் தண்ணீர் இதம். கபசுரக் குடிநீரை அரசே விநியோகித்தது. குடிக்கட்டும். "இதைக் குடிச்சா ஆஸ்பத்திரி வேண்டாம், ஊசி வேண்டாம்" என்று அடுத்த வாக்கியம் வரும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. இலங்கையில் 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் ஒருவர் கொரோனாவுக்கு மருந்து என்று கொடுத்த பாணியை (சிரப்பை) வாங்க ஆயிரக்கணக்கானவர்கள் இடைவெளியே இல்லாமல் முண்டியடித்து நின்றார்கள். அதை எல்லார் முன்னிலையிலும் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா உறுதியானது.

நான் வைத்திருக்கும் அளவுகோலைச் சொல்கிறேன், எடுத்துக்கொள். உண்மையான மருந்து எதுவாக இருந்தாலும், "இவர்கள் சாப்பிடக் கூடாது" என்று ஒரு பட்டியல் இருக்கும். கர்ப்பிணிக்குக் கூடாது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கூடாது, இன்ன வயசுக்குக் கீழே கூடாது என்று இருக்கும். அளவும் இருக்கும். யாருக்கும் கொடுக்கலாம், எவ்வளவும் கொடுக்கலாம், எந்த நோயும் தீரும் என்றால் அதை வீட்டுக்குள் விடாதே.

டாக்டர் பேசுகிற வீடியோ

வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் தெரிந்தால் அம்மாக்கள் உடனே நம்புவார்கள். 2021 ஏப்ரலில் ஒரு வடஇந்திய டாக்டர், மருந்தே போடாமல் நெபுலைசரை மாட்டிக்கொண்டால் ஆக்சிஜன் கிடைக்கும் என்று பேசிய வீடியோ பெரிய அளவில் ஓடியது. நெபுலைசர் மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் கருவி. ஆக்சிஜன் தயாரிக்கும் கருவி இல்லை. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியே அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. பேசியவர் நிஜ டாக்டர்தான், பேசியது தப்பு. இதுவும் நடக்கும்.

அடுத்த மாதமே, தடுப்பூசி போட்டவர்கள் எல்லாரும் இரண்டே ஆண்டில் இறந்துவிடுவார்கள் என்று, எச்ஐவி வைரஸைக் கண்டறிந்ததற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்ற லுக் மோன்தாக்னியே சொன்னதாக ஒரு மெசேஜ். அவர் ஒரு பேட்டியில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசியது உண்மை. அதற்கே சக விஞ்ஞானிகள் அவரைக் கடுமையாக மறுத்தார்கள். ஆனால் அந்த "இரண்டு ஆண்டு" வாக்கியம் அந்தப் பேட்டியில் இல்லை. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அதைப் பொய் என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட கோடிக்கணக்கான பேர் இன்று நம்மோடுதான் இருக்கிறார்கள்.

டாக்டர் வீடியோ வந்தால் அவர் முழுப்பெயர், எந்த ஊர், எந்தத் துறை என்று பார். எலும்பு டாக்டர் நுரையீரல் பற்றி அடித்துப் பேசினால் கொஞ்சம் பொறு. மருத்துவர்களின் பதிவேடு தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது; பெயர் போட்டுத் தேடலாம். 2020 மே மாதம் சென்னையில், கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக யூடியூபில் பேசிவந்த ஒருவர் கைதானார்; அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரே அல்ல என்று இந்திய மருத்துவத் துறைதான் புகார் கொடுத்தது. இப்போதோ பிரபல டாக்டர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் செய்து மருந்து விற்கிறார்கள். முகத்தைப் பார்த்து நம்பும் காலம் முடிந்துவிட்டது.

இன்னொன்று. "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் பொய்" என்று வீட்டில் பேச்சு வரும். ஆராய்ச்சி நடக்க நடக்க அறிவுரை மாறத்தான் செய்யும். பிளாஸ்மா சிகிச்சையை முதலில் எல்லாரும் நம்பினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். தப்பைத் திருத்திக்கொள்கிற இடம்தான் நம்பத்தகுந்த இடம். ஆனால் அதற்கு நீ தேதியைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

ஊசியும் நம் உடம்பும்

இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு நடந்த அநியாயம் பெரிது. 2021 ஏப்ரல் கடைசியில், 18 வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி தொடங்கப்போகும் நேரத்தில், மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் ஊசி போடக் கூடாது என்று ஒரு மெசேஜ் கிளம்பியது. எதிர்ப்புசக்தி அப்போது குறைந்திருக்குமாம். டாக்டர்களும் பிஐபியும் உடனே மறுத்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: முன்னே ஐந்து, பின்னே ஐந்து, நடுவில் விலக்கு நாட்கள், மாதத்தில் பாதி நாள் போய்விட்டது. மீதி நாளில் ஸ்லாட் கிடைக்காது. இப்படி எத்தனை பெண்கள் ஊசியைத் தள்ளிப் போட்டிருப்பார்கள்!

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு சில பெண்கள், "விலக்கு தள்ளிப்போச்சு" என்றார்கள். அதைக் கற்பனை என்று ஒதுக்கியது தவறு. பின்னால் 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போவதும், அதுவும் தற்காலிகம் என்பதும் தெரிந்தது. கருத்தரிப்புக்கு ஆபத்தில்லை. உன் உடம்பில் தோன்றுகிற சந்தேகத்தைக் கேட்க நீ வெட்கப்படவே வேண்டாம். கேட்கிற இடம் மட்டும் டாக்டராகவோ கிராம சுகாதார செவிலியராகவோ இருக்கட்டும்.

நடிகர் விவேக்கை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மக்கள் பயப்படாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று, 2021 ஏப்ரல் 15-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் எல்லார் முன்பும் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலையில் போய்விட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்றும், அது ஒரே நாளில் உருவாவதல்ல என்றும் டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்குள் ஊசிதான் காரணம் என்று வீடியோ மேல் வீடியோ. நல்லதைச் சொல்லிப் போன மனிதரின் மரணமே அந்த நல்லதுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் முடிவு சொன்னது. வதந்திக்கு ஒரு மணி நேரம் போதும், விசாரணைக்கு ஆறு மாதம் வேண்டும். அந்த இடைவெளியில் "இன்னும் தெரியலை, விசாரிக்கிறாங்க" என்று சொல்ல நீ பழகிக்கொள். அது தயக்கமான பேச்சு இல்லை, சரியான பேச்சு.

குழந்தைகள் ஊசிக்கும் இதே கதி வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் ஆடியோக்களைக் கேட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். முகாமின் நாட்களையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கும். அந்தப் பெண் குழந்தைகள் நாளைக்குத் தாய் ஆகும்போது காப்பாற்றப் போட்ட ஊசி அது.

ஆளைக் காட்டுகிற மெசேஜ்

நோயாளியின் பெயர், தெரு, மதம், சாதி, போட்டோ எது இருந்தாலும் அந்த மெசேஜ் உன்னோடு நின்றுவிட வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம். 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுதீன் மத மாநாட்டில் தொற்று பரவியது தெரியவந்த பிறகு, முஸ்லிம்கள் பழத்தில் எச்சில் தடவுகிறார்கள் என்று பழைய வீடியோக்களைப் புதிது போலச் சுற்றவிட்டார்கள். கஷ்டப்பட்டுத் தள்ளுவண்டி தள்ளுகிறவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். நோயாளிகளைப் பார்த்த டாக்டர். புதைத்தால் நோய் பரவும் என்ற பயத்தில், அண்ணாநகர் வேலங்காடு இடுகாட்டில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர்களுக்கு ரத்தக்காயம். கடைசியில் அவரோடு வேலை பார்த்த டாக்டர் பிரதீப்குமார், இரவோடு இரவாகப் போலீஸ் காவலில் தானே மண்வெட்டி பிடித்து நண்பரை அடக்கம் செய்தார். இறந்த உடலிலிருந்து கொரோனா தொற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24-ம் தேதியே சொல்லியிருந்தது. ஏறக்குறைய நான்கு வாரமாகியும் அந்தத் தகவல் வேலங்காட்டுக்கு வந்து சேரவில்லை. இதற்குப் பிறகுதான், அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

பழைய படங்களைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் முதலில் எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இத்தாலியில் கொரோனா சவப்பெட்டிகள் என்று வந்த படம், 2013-ல் லாம்பெடூசா கடலில் கப்பல் மூழ்கி இறந்தவர்களுடையது. 2021-ல் தெருவில் மயங்கிக் கிடந்த பெண்ணின் படம், அதற்கு முந்தைய ஆண்டு விசாகப்பட்டினம் விஷவாயுக் கசிவில் எடுத்தது. 5ஜி சோதனையால்தான் சாகிறார்கள் என்ற ஆடியோ 2021 மே மாதம் ஓடியதே, அப்போது நம் நாட்டில் 5ஜி சோதனையே தொடங்கவில்லை. சேவை வந்தது 2022 அக்டோபரில்.

உதவி கேட்டும் உதவி சொல்லியும் வரும் மெசேஜ்கள்

நல்ல மனசோடு செய்தும் தீங்காய் முடிவது இங்கேதான். 2021 மே மாதம் நினைவிருக்கிறதா? ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது என்று ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்கு நூற்றுக்கணக்கானவர்கள் அடிப்பார்கள். காலையில் இருந்த படுக்கை பத்து நிமிடத்தில் போயிருக்கும், மெசேஜ் மட்டும் ஒரு வாரம் சுற்றும். மூச்சுத் திணறும் அப்பாவை வண்டியில் வைத்துக்கொண்டு மகள் அந்தப் பழைய நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பாள். ரெம்டெசிவிர் கிடைக்கிறது என்று கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு ஸ்டேடியத்திலும் எத்தனை கூட்டம்! அந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் அப்போது பரிந்துரைக்கவே இல்லை.

உதவித் தகவலை அனுப்பும் முன் நீயே ஒருமுறை போன் போட்டுக் கேள். பிறகு இப்படி எழுது: "மே 8, காலை 11.20-க்கு நானே பேசினேன். ஆக்சிஜன் படுக்கை 2 இருக்குன்னு சொன்னாங்க. மதியம் 2 மணிக்கு மேல இந்த மெசேஜை நம்ப வேண்டாம்." படுக்கை தீர்ந்துவிட்டால் உன் மெசேஜை நீயே அழித்துவிடு. பணம் முன்கூட்டிக் கேட்கும் எந்த நம்பரையும் பகிராதே. அந்த நாட்களில் ஆக்சிஜன் சிலிண்டர் என்று சொல்லிப் பணம் பறித்தவர்கள் ஏராளம். நோயாளியின் ஆதாரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் குரூப்பில் போடாதே. தமிழ்நாட்டில் படுக்கை ஒதுக்க அரசே ஒரு கட்டளை மையம் அமைத்து, 104 எண்ணையும் அதே பெயரில் ட்விட்டர் கணக்கையும் நடத்தியது. ஊர் பேர் தெரியாத பத்து நம்பரைவிட அந்த ஒன்று மேல்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது

நிறையப் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. குரூப்பில் எல்லார் முன்னாலும், "இது ஃபேக், இதையெல்லாம் ஏன் போடுறீங்க" என்று எழுதினால் அவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். அடுத்த மெசேஜை வேண்டுமென்றே போடுவார். தனியாக அழைத்துப் பேசு. "சித்தப்பா, எங்க மேல அக்கறையாத்தான் அனுப்பினீங்க, தெரியும். ஒரு சந்தேகம். குழந்தைக்குக் கற்பூரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. இது சரியா இருக்குமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள். முடிவை அவரிடமே விடு. பென்னிகுக், ரேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கொரோனா காலத்தில் செய்த சோதனையில், பகிர்வதற்கு முன் ஒரே ஒரு தலைப்பைக் காட்டி "இது உண்மையா இருக்குமா?" என்று கேட்டதற்கே, பிறகு மக்கள் பகிர்ந்தவற்றில் தரம் கூடியது. நம் ஆட்களுக்கு உண்மை பொய் பிரிக்கத் தெரியும். பரபரப்பில் அந்தக் கேள்வி தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

பொய்யை மறுக்கும்போது சரியான தகவலை முதலில் வை, பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லாதே. கேட்டுக் கேட்டுப் பழகியது உண்மை போலவே தோன்றும். அனுப்புவதற்குச் சரியான விளக்கம் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். யூடர்ன் போன்ற தமிழ் உண்மை சரிபார்ப்புத் தளங்களில் பெரும்பாலான வதந்திகளுக்கு விளக்கம் ஏற்கெனவே இருக்கும். தமிழில் இருப்பதால் சித்தப்பாவே படிப்பார். பாட்டிக்குப் படிக்க வராது என்றால், உன் குரலில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. பேத்தி குரலுக்கு முன்னால் எந்த யூடியூபரும் நிற்க மாட்டார்.

நாள் முழுக்கச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தால் தகவல் கூடாது, நடுக்கம்தான் கூடும். நாளுக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவை, குறித்த நேரத்தில் பார் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் சொன்னது. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதே. நடு ராத்திரியில் படிக்கும் மருத்துவச் செய்தியை நடு ராத்திரியிலேயே ஃபார்வர்டும் செய்துவிடுவோம்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் போனை வாங்கு. 104-ஐ "சுகாதாரம் 104" என்றும், 108-ஐ "ஆம்புலன்ஸ்" என்றும், வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் நம்பரையும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய செவிலியர் நம்பரையும் தமிழிலேயே பதிந்து வை. எதைக் குடிக்கச் சொன்னாலும், தடவச் சொன்னாலும், முதலில் இந்த நான்கில் ஒன்றுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடு. கூடவே உட்கார்ந்து ஒருமுறை 104-க்குப் பேச வைத்துவிடு, தயக்கம் போய்விடும்.